வெண்பனியில் வெள்ளையைத் தேடுதல்: மோனேயின் ‘மேக்பை’ ஓவியத்தைப் பார்க்கவும் வரைந்து பழகவும் ஒரு வழிகாட்டி

பொருள்களைவிட அவற்றின்மீது விழும் ஒளியைத் தீட்ட முயன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்களின் இம்ப்ரெஷனிச ஓவியங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அல்லிக்குளங்களிலிருந்தோ பூந்தோட்டங்களிலிருந்தோதான் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த ஓவியர்கள் உண்மையில் எதைத் துரத்திக்கொண்டிருந்தார்கள் என்பதை விரைவாகப் புரிந்துகொள்ள விரும்பினால், அவர்கள் தீட்டிய பனிக்காலக் காட்சிகளிலிருந்து தொடங்குவதே நல்லது. பூந்தோட்டத்தில் நிறங்கள் பொருள்களுக்கே சொந்தமானவைபோலத் தோன்றுவதால் நம் கண் எளிதில் ஏமாந்துவிடும். வெண்பனி மூடிய வயலுக்கோ சொந்த நிறம் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. அங்கே நாம் காணும் நிறமெல்லாம் ஒளி கொண்டுவந்து சேர்த்த நிறம். பிரெஞ்சு ஓவியர்கள் இத்தகைய படங்களை ‘எஃபே த நேஜ்’, அதாவது ‘பனியின் விளைவு’ என்று அழைத்தார்கள்.

சொல்லைப் பற்றி ஒரு சிறு தெளிவு தேவைப்படுகிறது. தமிழில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் துளியும் உண்டு, சாலையை மறைக்கும் மூட்டமும் உண்டு. இந்தக் கட்டுரையில், வானிலிருந்து விழுந்து தரையில் படிவதை வெண்பனி என்றும், இரவுக் குளிரில் நிலத்தின்மீதே உறைந்து நிற்பதை உறைபனி என்றும் குறிப்பிடுகிறேன். பின்னால் வரும் ஓர் ஓவியத்துக்கு இந்த வேறுபாடு தேவைப்படும்.

நாம் எடுத்துக்கொள்ளும் படம் க்ளோத் மோனே 1868–69 குளிர்காலத்தில், பிரான்சின் வடக்குக் கரையில் நார்மண்டிப் பகுதியிலுள்ள எத்ரெத்தா என்ற ஊரின் அருகே தீட்டிய ‘மேக்பை’. பிரெஞ்சில் அதன் பெயர் ‘லா பீ’. அப்போது மோனேயின் வயது 28. லெ ஆவ்ர் நகரைச் சேர்ந்த ஒரு புரவலரின் உதவியால், தம் துணைவி கமீலுடனும் கைக்குழந்தையான மகன் ழானுடனும் அங்கே ஒரு வீட்டில் அவரால் சிறிது காலம் நிம்மதியாக வாழ முடிந்தது. மேக்பை என்பது கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவை. நிறத்தைப் பார்த்துவிட்டு நம் ஊர்க் குண்டுக்கரிச்சான் என்று எண்ணிவிட வேண்டாம். இது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது, நமக்குத் தெரிந்த வால்காக்கைக்கு உறவு.

பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

முதலில் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஓவியம் 89 செ.மீ. உயரமும் 130 செ.மீ. அகலமும் கொண்டது. கைப்பேசித் திரையில் உள்ளங்கை அளவில் பார்ப்பவருக்கு அது ஒரு வாழ்த்து அட்டைபோலத் தெரிவதில் வியப்பில்லை. வீட்டுச் சுவரில் அந்த அளவுக்கு நூலையோ ஒட்டுநாடாவையோ கொண்டு ஒரு சட்டம் அமைத்து, 3 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். ஏறத்தாழ ஒரு சன்னலின் அளவு வரும். இவ்வளவு பரப்பில் பெரும்பகுதியைப் பனிக்கு மட்டுமே ஒதுக்க ஓர் இளம் ஓவியருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அப்போது விளங்கும்.

அடுத்தது திரை. படத்தை, அது இருக்கும் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தின் இணையதளத்திலிருந்தோ விக்கிமீடியாவிலிருந்தோ இயன்ற அளவு பெரிய கோப்பாக எடுத்துக்கொண்டு, கணினித் திரையில் திறவுங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையின் நீல ஒளியைக் குறைக்கும் இரவு அமைப்பைப் பலர் நிரந்தரமாகவே இயக்கி வைத்திருக்கிறார்கள். அதை அணைத்துவிடுங்கள். அந்த அமைப்பு திரை முழுவதையும் மஞ்சளாக்கிவிடுவதால், இந்த ஓவியத்தின் உயிரான நீல நிழல்கள் சாம்பல் நிறமாகிவிடும். அதன்பின் இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எதுவும் உங்கள் கண்ணுக்குத் தட்டுப்படாது. ஒரே ஓவியத்தின் இரண்டு மூன்று கோப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவை நிறத்தில் வேறுபடுவதையும் காண்பீர்கள். அருங்காட்சியகம் வெளியிட்ட கோப்பையே அடிப்படையாகக் கொள்வது பாதுகாப்பானது.

முதல் பார்வை: ஒளி எங்கிருந்து வருகிறது?

படத்தைத் திறந்தவுடன் நிறங்களைப் பற்றி யோசிக்காதீர்கள். ஒளியின் திசையை மட்டும் கண்டுபிடியுங்கள். படத்தின் குறுக்கே பனி படிந்த ஒரு வேலி ஓடுகிறது. இடப்பக்கத்தில் ஒரு மரப் படல். அதன் மேற்கட்டையில் மேக்பை அமர்ந்திருக்கிறது. வேலிக்குப் பின்னால் இலையுதிர்ந்த மரங்கள், வலப்பக்கம் கூரையில் பனி ஏறிய கட்டடம். மனிதர் எவரும் இல்லை. வேலியின் நிழல் நம்மை நோக்கி, முன்புறப் பனியின்மீது விழுந்திருக்கிறது. ஆகவே கதிரவன் வேலிக்கு அப்பால் இருக்கிறான்; நாம் ஒளிக்கு எதிர்த்திசையில் நின்று பார்க்கிறோம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் படத்தின் அமைப்பு முழுவதும் பிடிபட்டுவிடும். எதிரொளியில் நிற்கும் பொருள்களின் நம்மை நோக்கிய முகம் நிழலாகவும், மேல்விளிம்பு ஒளிர்வாகவும் இருக்கும். வேலியின் உச்சியில் படிந்த பனி சுடர்வதையும், அதன் முகப்பு மங்கி நிற்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதே காலத்தில் குஸ்தாவ் கூர்பே தீட்டிய பனிக்காட்சிகளில் வேட்டைக்காரர்களும் நாய்களும் அடிபட்ட மானும் இருப்பார்கள். அங்கே பனி ஒரு கதைக்கு மேடையாக அமைந்தது. மோனே அந்தக் கதையை எடுத்துவிட்டு, ஒரு பறவையையும் அதன் நிழலையும் மட்டும் விட்டுவைத்தார்.

இரண்டாவது பார்வை: நிறத்தை நீக்கிப் பாருங்கள்

இப்போது கைப்பேசியிலுள்ள படத்திருத்தியில் இந்த ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். புதியவர்கள் பலர் இந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பின்னால் வரைய உட்காரும்போது அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். நிறம் நீங்கியவுடன் முன்புறத்து நிழல்கள், நீங்கள் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ வெளிறியிருப்பதைக் காண்பீர்கள். பனியின் நிழல் நீலமாக இருக்கிறது என்பதற்காக அது இருட்டாக இருக்க வேண்டியதில்லை. சுற்றியுள்ள பனிப்பரப்பு ஒளியைத் திருப்பித் திருப்பி வீசுவதால் நிழலுக்குள்ளும் நிறைய ஒளி புகுந்துவிடுகிறது. புதிதாக விழுந்த பனி தன்மீது படும் கதிரொளியில் 80 விழுக்காட்டுக்கும் மேலாகத் திருப்பி அனுப்பிவிடும்.

அதே கறுப்பு வெள்ளைப் படத்தில் பறவையைத் தேடுங்கள். தேடவே வேண்டியிராது. பரப்பளவில் மிகச் சிறியதாக இருந்தும், அடர்ந்த கருமையால் அதுவே கண்ணைப் பிடித்து இழுக்கிறது. விரலால் அதை மறைத்துக்கொண்டு படத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பனியின் வெளிச்சமே குறைந்துவிட்டதுபோலத் தோன்றும். அந்தக் கரும்புள்ளி இருப்பதால்தான் மற்ற எல்லாம் வெளிச்சமாகத் தெரிகிறது.

மூன்றாவது பார்வை: துளைத்தாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு சாம்பல் நிற அட்டையில், தாள்களைக் கோப்பில் சேர்க்கத் துளையிடும் கருவியால் இரண்டு விரற்கடை இடைவெளியில் இரண்டு துளைகள் இடுங்கள். வெள்ளை அட்டை கூடாது. அதன் வெண்மை உங்கள் தீர்ப்பைக் கெடுத்துவிடும். மீண்டும் வண்ணத்துக்கு மாற்றிய படத்தின்மீது அட்டையை வைத்து, ஒரு துளை வெயில்பட்ட பனியிலும் மற்றொன்று நிழலிலும் இருக்குமாறு நகர்த்துங்கள். எது பனி, எது வேலி என்ற அறிவு துளைக்குள் நுழைய முடியாது. நிறம் மட்டுமே நுழையும்.

வெயில்பட்ட இடத்தில் நீங்கள் காண்பது வெள்ளை அன்று. பாலாடையில் சற்றே மஞ்சள் கலந்ததுபோன்ற ஒரு நிறம். நிழலில் காண்பது நீலமும் ஊதாவும் வெளிறிய சாம்பலும் கலந்த நிறம். வேலியின் முகப்பு, மரக்கிளைகளின் அடி, கூரையின் சரிவு என்று துளைகளை நகர்த்திக்கொண்டே போனால், வெள்ளை என்று ஒரே சொல்லால் கடந்துசென்ற படத்தில் பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு நிறங்கள் இருப்பதை எண்ணிச் சொல்லிவிடலாம். கலப்பற்ற வெள்ளை என்று துணிந்து சொல்லத்தக்க இடம் அரிதாகவே கிடைக்கும்.

நிழல் ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது இயற்பியல். வெயிலில் இருக்கும் பனிமீது நேர்க்கதிர் படுகிறது. நிழலிலுள்ள பனிக்கு அந்தக் கதிர் கிடைப்பதில்லை. வானத்தின் ஒளி மட்டுமே கிடைக்கிறது. பனி எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகத் திருப்பி அனுப்புவதால், தன்மீது விழும் ஒளியின் நிறத்தையே அணிந்துகொள்கிறது. இந்த ஓவியத்தில் தெரியும் வானம் அடர்நீலமாக இல்லை, வெளிறித்தான் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. சட்டத்துக்குள் தெரிவது தொடுவானத்தை ஒட்டிய கீற்று மட்டுமே. பனியின்மீது ஒளி பொழிவதோ முழு வானம். ஓவியரின் தலைக்குமேல் இருந்த வானத்துக்கு இந்த நிழலே சாட்சி.

இரண்டாவது காரணம் நம் கண்ணுக்குள் இருக்கிறது. பாரிசின் கோப்லான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மிஷல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்ற முறையீடு வந்தது. அவர் ஆராய்ந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, அருகிலிருக்கும் நிறமே கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று தெரிந்தது. அருகருகே வைக்கப்பட்ட நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசைக்குத் தள்ளுகின்றன என்ற அவருடைய கோட்பாடு 1839 இல் நூலாக வெளிவந்து ஓவியர்களிடையே பரவியது. மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா. ஆகவே வெயிலின் மெல்லிய மஞ்சளுக்கு அருகில் நிழல் ஊதாப் பக்கம் சாய்ந்து தெரிவது கண்ணின் இயல்பு. மோனே இந்த இரண்டையும் சமன்பாடாக எழுதிக்கொண்டு தீட்டவில்லை. குளிரில் நின்று பார்த்தார். முந்தைய ஒரு குளிர்காலத்தில், மூன்று மேலங்கிகளைப் போர்த்திக்கொண்டு, கையுறையுடன், முகம் பாதி விறைத்த நிலையில் பனியில் நின்று அவர் வரைந்துகொண்டிருந்ததை 1868 இல் லெ ஆவ்ர் நாளிதழ் ஒன்றில் ஒருவர் விவரித்து எழுதியிருக்கிறார்.

வெண்பனியையே பார்த்திராதவர்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வெயில் சாயும் நேரத்தில் மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மீது ஏதாவது ஒரு பொருளின் நிழல் விழச் செய்யுங்கள். அதே துளைத்தாளால் துணியின் வெயில் பகுதியையும் நிழல் பகுதியையும் ஒப்பிடுங்கள். வானம் தெளிவாக இருந்தால் நிழலின் நீலம் உங்களையே திகைக்க வைக்கும்.

அன்றைய பாரிசின் நடுவர்களுக்கு இது திகைப்பாக இல்லை, பிழையாகவே பட்டது. நிழல் என்றால் பழுப்பிலும் கருமையிலும் தீட்டப்பட வேண்டியது என்று பழகிய கண்களுக்கு, இப்படி வெளிறிச் சுடரும் படம் முடிக்கப்படாததாகத் தோன்றியிருக்க வேண்டும். அரசு ஆதரவுடன் நடந்த சலோன் கண்காட்சியின் 1869 ஆம் ஆண்டு நடுவர் குழு இந்த ஓவியத்தை ஏற்க மறுத்தது. இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. அந்தப் பெயர் 1874 இல்தான் வந்தது. ஆனால் அந்தப் பெயர் சுட்டும் பார்வை இங்கே முழுமையாகவே இருக்கிறது என்பது என் கருத்து.

நான்காவது பார்வை: தீற்றல்கள்

இனிப் படத்தைப் பெரிதாக்கி, பரப்பை நெருங்கிப் பாருங்கள். பனி வழவழப்பாகப் பூசப்படவில்லை. தூரிகை போன திசையெல்லாம் தெரிகிறது. நிலத்தில் கிடையாக, கிளைகளில் அவற்றின் வளைவோடு, வேலியில் பனி படிந்த பாங்கோடு தீற்றல்கள் திரும்புகின்றன. 1841 இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற தகரக் குழாய்கள் வந்த பின்னரே, எண்ணெய் வண்ணத்தைக் கெடாமல் எடுத்துக்கொண்டு வெளியே சென்று வரைவது எளிதாயிற்று என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வேறு எவற்றோடு ஒப்பிடுவது?

ஒரே படத்தில் கண் பழகிய பிறகு மூன்று நான்கு படங்களுக்கு மேல் போக வேண்டாம். முதலில் கமீல் பிஸாரோ 1873 இல் பொந்துவாஸ் அருகே தீட்டிய ‘உறைபனி’யைப் பாருங்கள். இது வெண்பனி அன்று; உழுத சால்களின்மீது வெளுத்து நிற்கும் உறைபனி. விறகுக்கட்டைச் சுமந்து ஒருவர் நடக்கிறார். வயலின் குறுக்கே நீண்ட நிழல்கள் கிடக்கின்றன. அவற்றை வீழ்த்தும் மரங்கள் படத்துக்குள் இல்லை. 1874 ஆம் ஆண்டின் முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் இது வைக்கப்பட்டபோது, லூயி லெரூவா என்ற பத்திரிகையாளர் தம் கேலிக் கட்டுரையில், அழுக்குத் துணிமீது வண்ணத்தட்டைச் சுரண்டி அப்பியதுபோல இருக்கிறது என்னும் பொருள்பட ஒரு பாத்திரத்தைப் பேச வைத்தார். இம்ப்ரெஷனிஸ்ட் என்ற சொல்லுக்கு வழிவகுத்ததும் அதே கட்டுரைதான்.

பிறகு வெயிலே இல்லாத பனிக்குச் செல்லுங்கள். பாரிசுக்கு அருகிலுள்ள அர்ஜான்தையில் 1874–75 குளிர்காலத்தில் மோனே 18 பனிக்காட்சிகளைத் தீட்டினார். அவற்றுள் மிகப் பெரியதான ‘அர்ஜான்தையில் பனி’ லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மாலை மங்கும் வேளை. கதிரவன் இல்லாததால் விழும் நிழலும் இல்லை. ஏறத்தாழ முழுப் படமும் நீலத்திலும் சாம்பலிலும் அமைந்திருக்கிறது. துளைத்தாளை இங்கே வைத்தால் இரண்டு துளைகளுக்கும் இடையில் வேறுபாடு மிகக் குறைவாகத் தெரியும். குஸ்தாவ் கையபோத் 1878 இல் தீட்டிய பாரிசுக் கூரைகளின் பனிக்காட்சியையும் அதே ஆண்டில் அல்ஃப்ரெட் சிஸ்லி தீட்டிய ‘லூவ்சியெனில் பனி’யையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். பனியைத் தீட்டியவர்களில் சிஸ்லிதான் மிகவும் மென்மையானவர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவரிடமிருந்து தொடங்கினால் அந்த மென்மை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

நேரில் செல்பவர்களுக்கு ஒரு செய்தி. லண்டனிலுள்ள ஒன்றைத் தவிர மேலே சொன்ன மற்ற எல்லாப் படங்களும் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு உரியவை. ‘மேக்பை’ 1984 இல் அதன் சேகரிப்புக்கு வாங்கப்பட்டது. அந்த அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வியாழக்கிழமைகளில் மாலையில் நெடுநேரம் திறந்திருப்பதால் கூட்டம் குறைந்த பின் நின்று பார்க்கலாம். ஓவியங்கள் வேறு நாட்டுக் கண்காட்சிகளுக்கு இரவலாகச் செல்வது வழக்கம் என்பதால், புறப்படுமுன் குறிப்பிட்ட படம் காட்சியில் இருக்கிறதா என்று இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வரைந்து பழகுதல்

பார்த்ததைக் கையால் செய்து பார்த்தால்தான் உறுதிப்படும். 13 செ.மீ. உயரமும் 19 செ.மீ. அகலமும் கொண்ட தடித்த தாள் போதும். மூல ஓவியத்தின் விகிதம் ஏறத்தாழ இதுவே. போஸ்டர் வண்ணமோ அக்ரிலிக்கோ பயன்படுத்தலாம். வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் காவி, செங்காவி ஆகிய ஐந்தும் போதுமானவை. கறுப்புக் குப்பியை மேசையிலிருந்து அகற்றிவிடுங்கள். முதல் முறை நான் வெள்ளையில் கறுப்பைக் கலந்து நிழலைத் தீட்டினேன். பனிக்குப் பதில் அடுப்புச் சாம்பல் கொட்டிய வயல் ஒன்று கிடைத்தது.

தாள் முழுவதும் மிக வெளிறிய மஞ்சள் காவியை ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள். வெறும் வெள்ளைத் தாளில் தொடங்கினால் எதைத் தீட்டினாலும் அழுக்காகவே தெரியும். அதன்மேல் வேலியின் கிடைக்கோடு, படல், மரங்களின் நிலை, கட்டடத்தின் சரிவு ஆகியவற்றைப் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள். இலைகளற்ற கிளைகளை எண்ணி எண்ணி வரைவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அடுத்து நிழல்களிலிருந்து தொடங்குங்கள். நிறைய வெள்ளையில் சிறிது அல்ட்ராமரினும் அதைவிடக் குறைவாகக் கருஞ்சிவப்பும் கலந்தால் வெளிறிய ஊதாநீலம் கிடைக்கும். வேலியின் முகப்புக்கும் நிலத்து நிழலுக்கும் ஒரே கலவையைப் பயன்படுத்தாமல், ஒன்றில் நீலத்தையும் மற்றொன்றில் சிவப்பையும் சற்றே கூட்டுங்கள். நிழலைத் தீட்டும்போது அது வெளிறிப்போனதுபோலத் தோன்றும், கையை அடக்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் வெயில் வந்து சேர்ந்ததும் அது தானாகவே ஆழமாகிவிடும். ஷெவ்ரல் சொன்னது இங்கே உங்கள் தாளிலேயே நடக்கும்.

வெயில்பட்ட பனிக்கு வெள்ளையில் ஊசிமுனையளவு மஞ்சள் காவி சேர்த்து, சற்றுக் கெட்டியாக, தூரிகைத் தடம் தெரியும்படி வையுங்கள். மரத்தண்டுகளுக்குச் செங்காவியும் அல்ட்ராமரினும் கலந்த பழுப்புச் சாம்பல் பொருந்தும். கலப்பற்ற வெள்ளையை வேலியின் உச்சியில் ஓரிரு இடங்களுக்கு மட்டும் கடைசியில் கொடுங்கள். அதற்குமுன் அது எங்கேயாவது நுழைந்துவிட்டால், உச்சிக்குக் கொடுக்க உங்களிடம் ஒளி எதுவும் மிஞ்சியிராது.

வரைந்ததைக் கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, முன்பு மாற்றிவைத்த மோனேயின் படத்துக்கு அருகில் வையுங்கள். உங்கள் நிழல் அவருடையதைவிட இருண்டிருந்தால், அதே கலவையில் இன்னும் வெள்ளை சேர்த்து மேலே ஒரு பூச்சு கொடுத்துவிட்டு மீண்டும் ஒப்பிடுங்கள். பெரும்பாலானோருக்கு இரண்டு முறையாவது தேவைப்படுகிறது. இரண்டும் ஏறத்தாழப் பொருந்திய பிறகு, செங்காவியையும் அல்ட்ராமரினையும் நீர் சேர்க்காமல் அடர்த்தியாகக் கலந்து கருமையாக்கி, சிறிய தூரிகையின் நுனியில் எடுத்து, படலின் மேற்கட்டையில் பறவையை வையுங்கள்.